நகர நினைவுகளில் "நாங்கள்" என்பவர் யாவர்?

திருகோணமலை நகரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் விழா மலர்களிலும் பழைய மாணவர் வெளியீடுகளிலும் புலம்பெயர்ந்தோர் சஞ்சிகைகளிலும் இடையறாது வெளிவருகின்றன. மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை, பத்திரகாளி அம்மன் கோயில், மக்கெய்சர் மைதானம், பஸ் நிலையம் என்பன அவற்றில் ஏறத்தாழ இதே வரிசையில் வந்துசேரும். தேநீர்க் கடையும் பஸ்ஸின் நெரிசலும் தவறுவதில்லை. இவ்வகை எழுத்தை வெறும் ஏக்கம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது நீதியாகாது. எரிந்தும் இடிந்தும் போன கடைவீதிக்கு வேறு சான்று அரிதாகிய நிலையில் இவையே சான்றாகின்றன. ஆதலினாற்றான் இவற்றைச் சற்றுக் கடுமையாகவே வாசிக்க வேண்டியுள்ளது.

இக்கட்டுரைகளின் எழுவாய் பெரும்பாலும் "நாங்கள்". அந்த "நாங்கள்" நகருக்குள் வீடுள்ளவர். பஸ் நிலையம் அவர் மாலையில் நின்று பார்க்கும் ஒரு காட்சி. சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி வீதியால் உப்புவெளியைக் கடந்து வருபவருக்கோ அதுவே நகரத்தின் வாசல். அவருடைய நகரம் கட்டடங்களால் ஆனதன்று, நேரத்தால் ஆனது. காலை பஸ்ஸுக்கும் கடைசி பஸ்ஸுக்கும் இடையில் முடிக்கக்கூடியவை எவையோ அவையே நகரம். நகரத்தவர் இரண்டாம் ஆட்டத்தை உருக்கமாக நினைவுகூர்கையில், கடைசி பஸ்ஸை நம்பியிருந்தவருக்கு அப்படியொரு காட்சி இருந்ததே இல்லை எனலாம். வ. அ. இராசரத்தினத்தின் மூதூரிலிருந்து நோக்கினால், கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லோஞ்சு கரைசேரும் துறையில் நகரம் தொடங்கும். கிண்ணியாவினர்க்கு, 2009இல் பாலம் திறக்கப்படும்வரை, நகரப் பயணம் என்பது துறையிற் "பாதை"க்குக் காத்திருத்தலையும் உள்ளடக்கியது. இவையனைத்தையும் ஒரே "நாங்கள்" விழுங்கிவிடுகின்றது.

சுந்தர ராமசாமியின் "ஒரு புளியமரத்தின் கதை" (1966) இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. அதுவும் ஓர் ஊரின் நடுச்சந்தியைப் பற்றிய நினைவுதான். தாமோதர ஆசான் பழங்கதை சொல்ல, இளைஞர் கூட்டம் வாய்பிளந்து கேட்கின்றது. ஆனால் ஆசானின் மிகையை நாவல் மறைப்பதில்லை; நினைவு என்பது ஒருவர் சொல்லும் கதை என்ற உணர்வு வாசகனிடம் இறுதிவரை நிலைக்கின்றது. மரம் காலத்தால் வீழவில்லை. வியாபாரப் போட்டியும் தேர்தலும் நகரசபை அரசியலும் சேர்ந்து அதனைக் கொல்கின்றன. காற்றாடித் தோப்பு அழிந்து பூங்கா எழுந்தமைக்கும் காரணம் காட்டப்படுகின்றது. நமது நினைவுக் கட்டுரைகளிலோ எல்லாம் தாமாகவே "மறைந்து" போகின்றன. வினைமுற்றுக்கள் யாவும் செய்பவரைத் தப்பவிடும் வினைமுற்றுக்கள்.

இதனை மொழிநடைக் குறை என்று மாத்திரம் கொள்ள முடியாது. "அந்தக் காலம்" எது? 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியதற்கு முன்னரா, பின்னரா? 1983 ஜூலையில் நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டமைக்கு முன்னரா? 2005 மே மாதத்தில் பஸ் நிலையத்தின் அருகே புத்தர் சிலை நிறுவப்பட்டு, கடையடைப்பும் பதற்றமும் தொடர்ந்தன. 2006 ஏப்ரலிற் சந்தையில் குண்டு வெடித்தது. அதே நாளில் கலகக்காரர் கடைகளைக் கொளுத்தினர். ஆண்டு குறிக்கப்படாத நகரம் எவருக்கும் உரியதாகிவிடும்; எவரும் அதனை மறுக்கவும் முடியும். மறுதலையாக, சந்தையில் அருகருகே இருந்த முஸ்லிம் வியாபாரியையும் சிங்கள வியாபாரியையும் விட்டுவிட்டு எழுதப்படும் தமிழ் நினைவு, தான் எதிர்க்கும் உரிமைக்கோரலின் சாயலையே பெறுகின்றது. இதனைச் சொல்வது கசப்பானதே.

யுத்த காலத்து பஸ் பயணம் பற்றி இக்கட்டுரைகள் அநேகமாக மௌனம் சாதிக்கின்றன. சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையிலேந்தி நடந்து, மறுபுறத்தில் மீண்டும் ஏறியமை எந்தத் தேநீர்க் கடைக்கும் குறைந்த நினைவன்று. அதனைக் கூறவல்லோர் நாள்தோறும் பயணித்தோர்: மாணவர், சிற்றூழியர், கூடையுடன் சந்தைக்கு ஏறிய பெண்கள். மலர்களுக்குக் கட்டுரை கேட்போர் இவர்களிடம் பெரும்பாலும் செல்வதில்லை. சாம்பல்தீவுச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருப்போரிடையே அந்த நினைவுகள் இன்னும் பேச்சாகவே உள்ளன.