உள்ளூர்ப் பத்திரிகை இனி எதற்கு?

"பத்திரிகைகளின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் இணையமே" என்று நம்மவரிற் பலர் கூறத் தலைப்பட்டுள்ளனர். இக்கூற்றைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. முடிந்தது எது? தாளின் காலமா? அச்சு யந்திரத்தின் காலமா? அல்லது ஓர் ஊர் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் வழக்கத்தின் காலமா? இம்மூன்றும் வெவ்வேறானவை. முதலிரண்டும் போகுமாயின் அதற்காகப் பெரிதும் வருந்தவேண்டிய அவசியமில்லை. ஓலை போயிற்று, தாள் வந்தது. தாள் போய்த் திரை வருவதும் அத்தகையதே. மூன்றாவது போகுமாயின், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் தம்மைப்பற்றித் தாமே அறியாத ஒரு கூட்டமாகிவிடுவர் என்பது நமது துணிபு. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று நிதானித்து ஆராய்தல் நலம்.

1924-ம் வருஷம் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்காரால் தொடங்கப்பெற்ற 'தமிழ் நேசன்', 2019-ம் வருஷம் ஜனவரி மாத இறுதியோடு நின்றுவிட்டது. 94 ஆண்டுகள் வாழ்ந்த பத்திரிகை அது. அதன் மறைவுக்கு இரங்கியவர் பலர். இரங்கற்பா எழுதியவரும் உளர். ஆயின் இரங்கியவர்களுள் எத்தனைபேர் அதற்கு முந்திய மாதம் காசு கொடுத்து அத்தாளை வாங்கினர் என்று கேட்பின், பலர் தலைகுனிய நேரும். இவ்விதி தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1939-ம் வருஷம் தோன்றிய 'உத்துசான்' மலாய்ப் பத்திரிகையும் அதே 2019-ம் வருஷத்தில் நின்று, பின்னர் வேறு கைகளில் மீண்டும் வெளிவந்தது. எனினும் பெரிய சமூகத்தின் பத்திரிகை விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு. சிறிய சமூகத்தின் பத்திரிகை விழுந்தால் விழுந்ததேயாம்.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் இணையம் ஒன்றே என்பார் கூற்று அரை உண்மை. நெடுநாள் மெலிந்து கிடந்த நோயாளி இறந்ததும், கடைசியாய் வந்த காய்ச்சலை மட்டும் குற்றஞ்சொல்வது போன்றது அது. நோயாளி ஏன் மெலிந்தான் என்பதன்றோ கேட்கவேண்டிய கேள்வி?

அதற்கு விடைகாண, நம் பத்திரிகைகள் தொடக்கத்தில் எதற்காகத் தோன்றின என்பதை நோக்கவேண்டும். சிங்கப்பூரில் 1875-லேயே 'சிங்கை வர்த்தமானி' வெளிவந்ததென்பர். 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வாரத்தாளை நடத்தினார். 1935-ம் வருஷம் 'தமிழ் முரசு' தோன்றியது. கோ. சாரங்கபாணி அவர்கள் அதைச் சீர்திருத்தத்தின் குரலாக வளர்த்தார். இவர்களுக்குத் தந்திச் செய்தி வேண்டுமானால் ஆங்கிலத் தாள்கள் இருந்தன. தமிழகத்துச் சங்கதி வேண்டுமானால் கப்பலில் வரும் தமிழகத்து ஏடுகள் இருந்தன. இவ்விரண்டாலும் கிடைக்காத ஒன்றுக்காகவே இவர்கள் பத்திரிகை நடத்தினர். அது யாது? இம்மண்ணில் வாழும் தமிழன் தன் தோட்டத்தையும், தன் கூலியையும், தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும், தன் கோயிலையும், தன் சங்கத்தையும், தன் குற்றங்குறைகளையும் அச்சில் காணும் வசதியே அது.

மாலையில் வேலை முடிந்தபின், லயத்து வாசலிலோ தோட்டத்துக் கடைத் திண்ணையிலோ எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஒரு தாள் பத்துக் குடும்பங்களுக்கு உதவிற்று. பக்கத்துத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டார்கள் என்பதை இந்தத் தோட்டத்தான் அறிந்தான். தன்னைப்போல் பிறரும் இருக்கின்றனர் என்னும் அறிவே ஒருவனைச் சமூகத்தின் அங்கமாக்குகின்றது. அவ்வறிவைத் தந்தது பத்திரிகை.

இலக்கியத்துக்கும் இதுவே வித்து. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று. புத்தகப் பதிப்பாளரின் பணத்தில் வளர்ந்ததுமன்று. அது பத்திரிகைப் பக்கத்தில் பிறந்தது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'தமிழ் நேசன்' கதை வகுப்பு நடத்திப் புதிய எழுத்தாளரைப் பழக்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் ஆசிரியர்களாயிருந்தனர். தமிழகத்தின் சிறந்த சிறுகதை ஆசிரியரான கு. அழகிரிசாமி 1952 முதல் சில ஆண்டுகள் அப்பத்திரிகையிற் பணிபுரிந்து, இங்குள்ள எழுத்தாளருக்கு இலக்கியத்தில் எது நல்லது, எது போலி என்று பிரித்தறியக் கற்பித்தார். அதே காலத்தில் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தின் வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் பேனாவைக் கொடுத்தது. பால்மரம் சீவியவரின் பிள்ளை தன் பெயரை முதன்முதல் அச்சிற் கண்டது அங்கேதான்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நம் நாளிதழ் ஒன்றை எடுத்து நடுநிலையோடு பக்கம் பக்கமாகப் பாருங்கள். தலைவர் ஒருவர் விடுத்த அறிக்கை, அவருக்கு மாற்றாக மற்றொருவர் விடுத்த அறிக்கை, பொன்னாடை போர்த்திய படம், காசோலை கொடுக்கும் படம், தமிழகத்துச் சினிமாச் சங்கதி, ராசிபலன், ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து, தமிழர் எவருக்கும் விளங்காத தமிழில் எழுதப்பட்ட உலகச் செய்தி. இவற்றுள் பெரும்பாலானவற்றை வாசகன் முந்திய இரவே கைப்பேசியிற் பார்த்துவிட்டான். நேற்றுப் பார்த்ததை இன்று காசு கொடுத்து வாங்க எவன் வருவான்? இணையம் பத்திரிகையிடமிருந்து பறித்தது இவற்றையே. இவையே தன் உடைமை என்று பத்திரிகை நம்பியிருந்ததுதான் பிழை.

கைப்பேசியில் கிடைக்காதது எது? இந்த ஊர்த் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர், ஏன் குறைந்தனர்? தோட்டம் விற்கப்பட்டபின் அங்கிருந்த குடும்பங்கள் எங்கே போயின, வாக்களித்த வீடு கிடைத்ததா? இங்கே பிறந்தும் பிறப்புப் பத்திரமின்றி அல்லற்படுவோர் கதி என்ன? கோயிற் கணக்கு யாரிடம் இருக்கிறது? இக்கேள்விகளுக்கு நியூயார்க்கிலிருந்தோ சென்னையிலிருந்தோ எவரும் விடை எழுதி அனுப்பப் போவதில்லை. ஒரு நிருபர் நேரிற் சென்று, வெயிலில் நின்று, நாலு பேரைக் கேட்டு எழுதவேண்டும். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு எழுதப்படுவது எங்கே?

இலக்கியப் பக்கத்தின் நிலையோ இன்னும் பரிதாபம். ஒரு நூல் வெளியிடப்படுகின்றது. மறுநாள் பத்திரிகையில் யார் தலைமை வகித்தார், யார் முதற்பிரதி பெற்றார், எவருக்கு எத்தனை மாலை என்பன விரிவாக வருகின்றன. அந்நூலில் என்ன இருக்கிறது, அது நன்றா தீதா என்பதைப்பற்றி ஒரு வரி இல்லை. மதிப்புரை என்று ஒன்று வந்தாலும், நூலாசிரியரின் நண்பர் எழுதிய புகழுரையாக இருக்கின்றது. குறை சொன்னால் பகை வரும் என்று ஆசிரியர் அஞ்சுகின்றார். குறை சொல்லாத இடத்தில் நிறைக்கு என்ன மதிப்பு? எல்லாரும் மகாகவி என்றால் எவரும் கவியல்லர் என்பதே பொருள். வாசகன் மூடனல்லன். இரண்டு தடவை ஏமாந்தவன் மூன்றாந் தடவை அப்பக்கத்தைத் திருப்பிவிடுவான். நான்காந் தடவை தாளையே நிறுத்திவிடுவான்.

இதற்கு விலக்காகக் குறைந்த சம்பளத்தில் ஊர் ஊராக அலைந்து உண்மையை எழுதும் நிருபர்களும், தம் உடல்நலத்தைப் பாராது பத்திரிகையைக் காத்துவரும் ஆசிரியர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களை நாம் வணங்குகின்றோம். நாம் குறைகூறுவது அவர்களை அன்று. அவர்களுடைய எழுத்துக்கு ஒரு மூலையும் சினிமாவுக்கு முழுப்பக்கமும் ஒதுக்கும் வழக்கத்தையே.

"பத்திரிகை ஏன்? ஒவ்வொருவனும் முகநூலில் தன் ஊர்ச் செய்தியைத் தானே எழுதலாமே" என்று இளைஞர் கேட்பர். கேள்வி நியாயமானதே. இணையம் நமக்கு அந்நியமுமன்று. 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது, அதன் தமிழுக்காக உழைத்தவர் சிங்கப்பூர்ச் சிறுகதை ஆசிரியரான நா. கோவிந்தசாமி. கணினியில் தமிழை எளிதாய் எழுத 'முரசு அஞ்சல்' செய்தளித்த முத்து நெடுமாறன் மலேசியர். 'வல்லினம்' என்னும் இலக்கிய ஏடு அச்சிலிருந்து இணையத்துக்கு மாறி, கடுமையான விமர்சனத்தையும் நீண்ட கட்டுரையையும் அங்கே வாழவைத்துக் காட்டியுள்ளது. ஆகவே இணையத்தைப் பழிப்பது நமது கருத்தன்று.

ஆயின் எழுதுவது வேறு, பொறுப்பேற்று எழுதுவது வேறு. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கோவிட் நோயின் பொருட்டு மலேசியாவில் நடமாட்டத் தடை வந்தபோது, வாட்ஸ்அப் வழியே எத்தனை கைமருந்துகளும் எத்தனை வதந்திகளும் பரவின! பொய்யை அனுப்பியவன் யாரென்று தெரியாது. மறுநாள் திருத்தம் வெளியிடுவாரும் இல்லை. பத்திரிகைக்கு ஒரு முகவரி உண்டு. தவறு செய்தால் போய்க் கேட்கலாம். மேலும், பிறர் வீட்டுத் திண்ணையில் கடை வைத்தவன் அவர் சொல்லும்போது எழுந்துபோகவேண்டும். கனடாவில் 2023-ம் வருஷம் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரவேண்டுமென்று சட்டம் வந்தது. முகநூல் நிறுவனத்தார் அதனை விரும்பாது, அந்நாட்டில் செய்திகளையே தங்கள் தளத்திலிருந்து நீக்கிவிட்டனர். அதே ஆகஸ்டு மாதத்தில் யெல்லோநைஃப் என்னும் ஊரைக் காட்டுத்தீ நெருங்கி, மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, உள்ளூர்ச் செய்தியை முகநூலிற் பகிர இயலாது அவர்கள் இடர்ப்பட்டனர். தனக்கென்று ஓர் இடமில்லாத சமூகத்துக்கு இஃதோர் எச்சரிக்கை.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. 1960-களிலும் அதன் பின்னரும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயமும் இல்லை, பள்ளியும் இல்லை, கோயிலும் இடம் மாறியது. அத்தோட்டத்தின் பெயரேனும் எங்கே இருக்கிறது? ஒரு பழைய தாளின் மூலையில், ஒரு வாசகர் கடிதத்தின் அடியில், ஊர்ப்பெயராக இருக்கின்றது! சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றி வைத்துள்ளது. 'தமிழ் முரசி'ன் பழைய இதழ்களை இன்று எவரும் வீட்டிலிருந்தே புரட்டலாம். தாளைக் காப்பது திரையே என்பதற்கு இது சான்று. ஆனால் எழுதப்படாததை எந்த நூலகமும் காக்கமுடியாது. இன்று நம் ஊரைப்பற்றி எழுதாவிட்டால், 50 ஆண்டுகளுக்குப்பின் தேடுவோனுக்கு நாம் வாழ்ந்த சுவடே அகப்படாது.

பணத்துக்கு வழி என்ன? சிங்கப்பூரில் அரசாங்கம் 2022-ல், 'தமிழ் முரசு' உள்ளிட்ட பத்திரிகைகளை நடத்தும் ஸ்தாபனத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை உதவ முன்வந்தது. இதனால் தமிழ்த்தாளின் உயிருக்கு ஒரு காப்பு உண்டு; அவ்வளவில் மகிழ்ச்சியே. எனினும் அரசின் கை நீண்டு கொடுக்கும்போது, பத்திரிகையின் நா எவ்வளவு தாராளமாய் அசையும் என்பதை வாசகர் விழிப்போடு கவனித்துவரல் வேண்டும். மலேசியத் தாள்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. அங்கே விளம்பரக்காரர் கூகுளிடமும் முகநூலிடமும் போய்விட்டனர். எஞ்சியிருப்பவன் வாசகன் ஒருவனே. அவ்வாசகனோ அதிகாலையில் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் முழு இதழையும் இலவசமாய்ப் பார்த்துவிட்டு, "தமிழ்ப் பத்திரிகைகள் முன்போல் இல்லை" என்று குறைபட்டுக்கொள்கின்றான்! தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவோன், தமிழ் எழுதிப் பிழைப்பவனின் கூலியைத் திருடலாமா? தேநீர்க் கடையில் ஒருவேளைக்குச் செலவிடும் காசை ஒரு தாளுக்குக் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பத்திரிகையைக் குறைகூற உரிமை ஏது?

ஆதலின் கடமை இருதிறத்தார்க்கும் உண்டு. பத்திரிகை நடத்துவோர் உலகத்தை எல்லாம் சுருக்கித் தரும் வீண்வேலையை விட்டு, ஊரை விரித்துக் காட்டும் வேலையைக் கைக்கொள்ளல் வேண்டும். நூல்களுக்கு நேர்மையான மதிப்புரை எழுதச் செய்து, எழுதுபவரைப் பகையிலிருந்து காத்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் கையில் மீண்டும் பேனாவைக் கொடுத்தல் வேண்டும். அது கைப்பேசியாகவே இருப்பினும் தாழ்வில்லை. எழுதியதெல்லாம் அழியாதவாறு ஓரிடத்திற் சேர்த்துவைத்தல் வேண்டும். வாசகரோ, இவற்றைச் செய்யும் ஏட்டுக்கு, தாளாயினும் திரையாயினும், சந்தா செலுத்துதல் வேண்டும். செய்யாத ஏட்டை வெளிப்படையாகக் கண்டித்துக் கடிதம் எழுதுதல் வேண்டும். மௌனமாய் நிறுத்திவிடுவது எளிது. கண்டித்துத் திருத்துவதே அன்பு.

அன்று ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்டனர். இன்று பத்துப்பேர் கையிலும் பத்துக் கைப்பேசிகள் உள்ளன. ஒருவர் பார்ப்பதை மற்றவர் அறியார். அப்பத்துப்பேரையும் மீண்டும் ஒரு திண்ணையில் உட்கார்த்தவல்லது, அவர்கள் ஊரைப்பற்றி அவர்களுக்கே தெரியாத ஓர் உண்மையை நல்ல தமிழிற் சொல்லும் பத்திரிகைதான். அத்தகைய பத்திரிகைக்கு முடிவில்லை. அஃதல்லாத பத்திரிகையை இணையம் கொல்லவேண்டியதும் இல்லை.