இழத்தல், தொலைத்தல், பறிகொடுத்தல்: ‘லூஸ்’ என்னும் ஆங்கில வினையும் இழப்பீட்டுத் தமிழும்

‘லூஸ்’ என்னும் ஆங்கில வினை சாவி, போட்டி, வேலை, கைவிரல் அனைத்திற்கும் பொதுவாக வழங்குகிறது. தமிழிலோ சாவி தொலைகிறது, போட்டியில் ஒருவர் தோற்கிறார், வேலை போகிறது, பெற்றோரை ஒருவர் இழக்கிறார். ஆங்கில–தமிழ் அகராதி இவற்றை ஒரே தலைச்சொல்லின்கீழ் அடுக்கும்போது பொருள் கிடைத்துவிடுகிறது. நேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்னும் செய்தி கிடைப்பதில்லை.

‘தொலை’ என்பதற்குத் தன்வினையும் பிறவினையும் உண்டு. ‘பை தொலைந்தது’ என்பதில் எவர்மீதும் குற்றமில்லை. ‘பையைத் தொலைத்தான்’ என்பதில் கவனக்குறைவு ஏற்றப்படுகிறது. பழைய வழக்கில் தொலைத்தல் அழித்தலைக் குறித்தது. அவ்வன்மையின் எச்சமே இன்றைய பழிச்சாயல் எனலாம். ‘இழ’ என்பதற்கு இத்தகைய இணை இல்லை. ‘இழந்தான்’ வடிவால் செயப்படுபொருள் குன்றாவினை. ஆயினும் எழுவாய் எதையும் செய்வதில்லை, அதற்கு நேர்கிறது. சாவைக் குறிக்கும் ‘இழவு’ இவ்வினையடியிலிருந்தே பிறந்ததும் கருதத்தக்கது. ‘பறிகொடுத்தான்’ என்பதிலோ பறித்தவர் ஒருவர் மறைந்து நிற்கிறார்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடும் இரு கைகளின் இழப்புக்கு 100 விழுக்காடும் ஈட்டும் திறன் இழப்பாகக் கணக்கிட்டது. ஆங்கில மூலம் விரலுக்கும் திறனுக்கும் ஒரே பெயர்ச்சொல்லையே ஆள்கிறது. அச்சட்டப்படி தொழிலாளியின் வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்கவில்லை. மதுமயக்கம், விதிகளை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவற்றால் நேர்ந்த காயங்கள் விலக்காக இருந்தன. இறப்போ நிரந்தர முழு இயலாமையோ நேர்ந்தால் அவ்விலக்கும் செல்லவில்லை. ஆகவே பழிசுமத்தாத ‘இழத்தல்’ சட்டத் தமிழுக்குப் பொருந்துகிறது. ‘இழப்பீடு’ என்னும் ஆக்கமும் சிறந்ததே: எது போயிற்றோ அதைச் சொல்லிவிட்டே அதற்கு ஈடு கேட்கிறது.

விபத்தை விவரிக்கும் இடத்தில் அதே சொல் குறைபடுகிறது. வேப்பம்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரையிலான தொழிலாளர் பேச்சில் ‘பிரஸ்ல கை மாட்டிக்கிச்சு’, ‘விரல் போச்சு’ போன்ற தொடர்கள் இயல்பானவை. முதல் தொடரில் பொறி இடவேற்றுமையிலேனும் இருக்கிறது. அது மனுவில் ‘பணியின்போது விரலை இழந்தார்’ என எழுத்துத் தமிழாகும்போது பொறி மறைந்து, காயமுற்றவரே எழுவாயாகத் தனித்து நிற்கிறார். எழுத்துநடையின் கண்ணியம் இங்கே செய்தியைக் குறைக்கிறது. பேச்சுத்தமிழைத் திருத்துவதாக எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை. ‘அழுத்தப்பொறி அவருடைய விரலைத் துண்டித்தது’ என்பதும் எழுத்துத் தமிழே. விழுக்காட்டைக் கணக்கிடும் அடுத்த வாக்கியத்தில் ‘இழப்பு’ வரலாம்.