அஞ்சத்தக்கது எது? கணினித் திகில் விளையாட்டுகளும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

மெய்யாகவே அச்சம் தரும் கணினி விளையாட்டு எது என்னும் வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை அளவுகோலாகக் கொண்டு விடை காண இக்கட்டுரை முயல்கிறது. அச்சத்திற்குத் தொல்காப்பியர் வகுத்த நான்கு நிலைக்களன்களும், அச்சத்தினின்று வேறாக அவர் வைத்த வெரூஉதலும் இவ்வாய்விற்கு அடிப்படைகளாகும். பெற்ற முடிவு விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரின் பேயோட்டும் சடங்கோடு ஒப்பிட்டு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், வெரூஉதல், பெருமிதம், கணினி விளையாட்டு, மேல்மலையனூர், பேயோட்டுதல்.

முன்னுரை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தமிழ் பயிலும் மாணவர்க்கு அச்சம் இரு வழிகளில் அறிமுகமாகிறது. ஒன்று, அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் திரளும் கூட்டத்தினிடையே கேட்கும் பம்பை ஒலி. மற்றொன்று, கணினித் திரையில் காதொலிப்பான் அணிந்து ஆடும் திகில் விளையாட்டு. முன்னது நாட்டுப்புறவியல் என்ற பெயரில் பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது. பின்னது பொழுதுபோக்கெனப் புறந்தள்ளப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே கோட்பாட்டின்கீழ் வைத்து நோக்க இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வாறு வினவுதற்குத் தொல்காப்பியமே இடந்தருகிறது. மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பா, முப்பத்திரண்டு பொருளும் பண்ணையில் தோன்றுவதாகக் கூறித் தொடங்குகிறது. பண்ணை என்னும் சொல் விளையாட்டைக் குறிக்கும் என உரியியல் உரைக்கிறது. எனவே விளையாட்டின்கண் அச்சம் பிறப்பதை ஆராய்வது மெய்ப்பாட்டியலின் எல்லைக்குப் புறம்பானதன்று.

வெரூஉதலும் அச்சமும்

திகில் விளையாட்டுகளில் மிகுதியாகக் கையாளப்படுவது திடுக்கிடச் செய்யும் உத்தி. அமைதியான நடைவழியில் ஓர் உருவம் திடுமெனத் தோன்றும். உரத்த ஒலி உடன் எழும். ஆடுநரின் உடல் துள்ளும். இதனையே அச்சமெனக் கொண்டு, எத்தனை முறை திடுக்கிட்டோம் என்பதைக் கொண்டு விளையாட்டின் தரத்தை மதிப்பிடுவோர் பலர்.

தொல்காப்பியர் இவ்விரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. அச்சத்தை எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்தவர், வெரூஉதலை அவ்வெட்டனுள் அடக்காது பிறிதொரு முப்பத்திரண்டனுள் வைத்து எண்ணினார். பறவையும் விலங்கும் வெருள்வதுபோல, அஞ்ச வேண்டாதவற்றைக் கண்டவிடத்தும் விரைந்து பிறப்பது வெரூஉதல் என்னும் பொருள்படப் பேராசிரியர் உரை வகுத்துள்ளார். திடுக்கிடச் செய்யும் உத்திக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் கிடைத்தல் அரிது. வெரூஉதல் விரைந்து பிறந்து விரைந்து மறையும். இரண்டாம் முறை அதே நடைவழியில் செல்லும் ஆடுநரிடம் அது பிறப்பதில்லை. கணினியை அணைத்த பின்னரும் உடன்வருவது எதுவோ அதுவே அச்சம். நல்ல திகில் விளையாட்டைத் தேடுவோர் முதற்கண் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

நான்கு நிலைக்களன்கள்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அச்சம் நான்கிடத்துப் பிறக்கும் என்பது தொல்காப்பியம். உலகளவில் பேசப்பட்ட விளையாட்டுகளையும் இவ்வகைப்பாட்டுள் அடக்க இயலும்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் உருவாகி 2014இல் வெளிவந்த ட்ரெட்அவுட் அணங்கின்பாற்படும். அந்நாட்டு மக்கள் நம்பும் பேய்களைப் பள்ளி மாணவி ஒருத்தி தன் கைபேசிக் கேமராவால் எதிர்கொள்வதே அதன் ஆட்டம். அதே ஆண்டு வெளிவந்த ஏலியன்: ஐசொலேஷன் விலங்கின்பாற்படும். விண்வெளி நிலையத்தில் ஆடுநரைத் தேடித் திரியும் உயிரியைக் கொல்ல இயலாது. அதன் நடமாட்டம் முன்கூட்டியே வரையறுக்கப்படாமல், ஆடுநர் எழுப்பும் ஓசைக்கும் அசைவிற்கும் ஏற்ப மாறுமாறு நிரல் எழுதப்பட்டுள்ளது. ஆகவே மனப்பாடம் செய்து தப்ப வழியில்லை.

இறைக்கு எடுத்துக்காட்டு, தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டிடென்ஷன். 1960களில் அந்நாட்டில் நிலவிய இராணுவச் சட்ட ஆட்சியே அதன் களம். தடைசெய்யப்பட்ட நூல்களை மறைவாகப் படித்த மாணவரும் ஆசிரியரும் காட்டிக்கொடுக்கப்பட்ட கதை அது. பள்ளியில் பேய்கள் உலவுகின்றன. மூச்சையடக்கி அவற்றைக் கடக்க வேண்டும். ஆயினும் ஆடுநர் இறுதியில் அஞ்சுவது பேய்க்கன்று. காட்டிக்கொடுத்தவர் யார் என்னும் உண்மைக்கும், அக்குற்றத்தைச் செய்வித்த ஆட்சிக்குமே. இறை என்பதை அரசனோடு நிறுத்தாமல் ஆணை செலுத்தும் அதிகாரம் அனைத்திற்கும் விரித்துப் பொருள்கொண்டால், இவ்விளையாட்டு அந்நிலைக்களத்தின் இக்கால வடிவமாகும்.

கள்வர் என்னும் நிலைக்களத்திற்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. அது விளையாட்டன்று, விளையாட்டின் அமைப்பைக் கடன்கொண்ட திரைப்படம். அஸ்வின் சரவணன் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் 2019இல் வெளிவந்த கேம் ஓவர் படத்தின் நாயகி கணினி விளையாட்டு வடிவமைப்பாளர். முன்னர் நேர்ந்த வன்கொடுமையால் இருளுக்கு அஞ்சுபவள். வீட்டினுள் கொலைஞர் புகும்போது விளையாட்டிற்போல அவளுக்கு மூன்று உயிர்கள் அளிக்கப்படுகின்றன. இறந்து மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவள் கற்றுக்கொள்கிறாள். இறுதியில் எதிர்த்து நிற்கிறாள்.

அச்சம் பெருமிதமாகும் இடம்

இப்படத்தின் முடிவு கோட்பாட்டு நோக்கில் கருதத்தக்கது. நாயகி எதிர்த்து நிற்கும் கணத்தில் காண்போர் கொள்வது அச்சமன்று, பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை எனப் பெருமிதத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் தறுகண் இங்கு நிகழ்கிறது. கதைக்கு இம்மாற்றம் தேவை. படத்திற்கு இது குறையன்று. ஆனால் திகில் விளையாட்டுகள் பலவும் தோற்குமிடம் இதுவே. ஆடுநர் கையில் துப்பாக்கியும் போதிய குண்டுகளும் தரப்பட்ட அளவில், எதிரே வருவது எத்துணைக் கொடிய உருவமாயினும் அது குறிபார்த்துச் சுடத்தக்க இலக்காகிவிடுகிறது. அச்சம் என்ற பெயரில் அங்கு ஆடப்படுவது தறுகண்.

சுவீடன் நாட்டு ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட அம்னீசியா: தி டார்க் டிசென்ட் இவ்வழுவினின்று நீங்கியது. அதில் ஆயுதமே இல்லை. ஒளியில் நின்றால் அரக்கர் கண்ணிற்படுவோம். இருளில் ஒளிந்தால் நாயகனின் மனநிலை சிதையும். அரக்கரை உற்று நோக்கினும் சிதையும். விளக்கெண்ணெயோ அளவுபட்டது. வெல்லும் நோக்கோடு ஆட வேண்டா என்று தொடக்கத்திலேயே ஆடுநர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. அச்சம் பற்றிய தொல்காப்பிய நூற்பாவில் வரும் அடைமொழி, மாறுபட்டு நிற்றல் இயலாமையைச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்ளின், எதிர்க்க இயலாமை அச்சத்தின் இலக்கணக் கூறாகிறது. இவ்விளையாட்டு அக்கூற்றை ஆட்டவிதியாகவே ஆக்கியுள்ளது.

ஆடுநரும் காண்போரும்

அச்சமுற்றவன்பால் நிகழும் அச்சம் புறத்தே வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலை இளம்பூரணர் மெய்ப்பாடென விளக்குவார். அஞ்சுவோன் ஒருவன், காண்போன் வேறொருவன் என்பது இவ்விளக்கத்தின் அடிப்படை. கூத்திற்கும் திரைப்படத்திற்கும் இது பொருந்தும். கணினி விளையாட்டில் இவ்விருவரும் ஒருவராகின்றனர். கதவைத் திறப்பதும் அவரே. திறந்தபின் நடுங்குவதும் அவரே. திறவாதிருக்கவும் அவரால் இயலும். தாமே தேர்ந்து திறந்தமையால் அச்சத்தோடு பொறுப்புணர்வும் சேர்கிறது.

மெய்ப்பாட்டியலை அவ்வாறே எடுத்துப் பொருத்த முனைவோர் இவ்வேறுபாட்டைக் கருதாது செல்லலாகாது. ஒருவர் திகில் விளையாட்டை ஆடுவதைக் காணொளியில் காண்போர் பெரும்பாலும் நகைப்பதும் இதனாலேயே விளங்கும். அங்கு அஞ்சுவோனும் காண்போனும் மீண்டும் பிரிந்துவிடுகின்றனர். ஆதலின் ஒரு விளையாட்டு மெய்யாகவே அஞ்சத்தக்கதா என்பதைப் பிறர் ஆடக் கண்டு முடிவுசெய்தல் பொருந்தாது.

மேல்மலையனூர் தரும் பாடம்

பிரமனின் தலையோடு சிவன் கையில் ஒட்டிக்கொள்ள, அங்காளம்மன் அதனை விடுவித்தாள் என்பது மேல்மலையனூர்த் தலக்கதை. மகாசிவராத்திரிக்கு மறுநாள் நிகழும் மயானக் கொள்ளை அக்கதையை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறது. அங்காளபரமேசுவரி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஈவ்லின் மேயரின் நூல் 1986இல் வெளிவந்தது. தென்னார்க்காட்டுச் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் நபக்கோவின் நூல் 2000இல் வெளிவந்தது. பேய் பிடித்தோராகக் கருதப்படுவோருள் இளமண மகளிர் மிகுதி என்பதையும், பிடித்த பேய்கள் அகாலத்தில் மாண்ட ஆடவராகப் பேசப்படுவதையும், சடங்கு அப்பெண்ணை மீண்டும் மனைவி என்னும் நிலைக்குள் கொண்டுசேர்ப்பதையும் நபக்கோவ் எடுத்துரைக்கிறார்.

அச்சடங்கின் மையம் ஒரு வினா. பம்பைக்காரர் பாடியும் அதட்டியும் பேயிடம் கேட்பது, நீ யார், எந்த ஊர், எப்படி இறந்தாய் என்பதே. பேய் தன் பெயரையும் குறையையும் சொன்ன பின்னரே முடியறுத்து மரத்தில் ஆணியடிக்கும் நிலை வருகிறது. பெயரிலியாக இருக்கும்வரை அச்சம். பெயர் வெளிப்பட்டதும் அது துயரக் கதை. பேசும் பேய் அச்சந்தருவதில் குன்றும் என்பதைக் கலிங்கத்துப்பரணியும் காட்டும். செயங்கொண்டாரின் பேய்கள் பசியால் வாடிப் போர்க்களத்தில் கூழ் சமைக்கையில் அச்சத்தினும் நகையே விஞ்சுகிறது.

இவ்வட்டாரப் பேயைக் கணினி விளையாட்டாக்க முனைவோர் முன் இரு வழிகள் உள்ளன. முதலாவது, தலைவிரி கோலத்துப் பெண்ணொருத்தியைப் பகையாக நிறுத்தி ஆடுநரை ஓடச் செய்வது. அது எளிது. ஆனால் எவள் துயரத்தைச் சடங்கு ஒருமுறையேனும் பேசவிட்டதோ, அவளை வாயடைக்கச் செய்து அரக்கியாக்குவதும் அதுவே. இரண்டாவது, டிடென்ஷன் காட்டிய வழி: பேயைக் கேள்வியாக வைத்து, விடையில் ஆடுநரையும் பொறுப்பாளியாக்குவது. அங்கு அணங்கும் இறையும் ஒன்றுகூடுகின்றன. பேய்க்கு அஞ்சத் தொடங்கிய ஆடுநர், அவளைப் பேயாக்கிய குடும்பத்திற்கும் ஊருக்கும் அஞ்ச நேர்கிறது.

முடிவுரை

• திடுக்கிடச் செய்தல் வெரூஉதலின்பாற்படும். அதனைக் கொண்டு அச்சத்தை அளத்தல் பிழை.

• எதிர்க்கும் ஆற்றல் மிகுந்தவிடத்து அச்சம் பெருமிதமாகத் திரிகிறது. எதிர்க்க இயலாமையை விதியாக்கும் விளையாட்டே அச்சத்தைக் காக்கிறது.

• விளையாட்டில் அஞ்சுவோரும் காண்போரும் ஒருவரே ஆதலின், மெய்ப்பாட்டுக் கோட்பாடு இவ்விடத்து விரித்துரைக்கப்படல் வேண்டும்.

• அச்சம் நிலைபெறுவது உருவத்தின் கொடுமையாலன்று; அது எவ்வாழ்வினின்று எழுந்ததோ அவ்வாழ்வின் உண்மையாலேயே.

மெய்யாகவே அஞ்சத்தக்க விளையாட்டு எதுவென வினவும் மாணவர்க்கு, இந்நான்கனையும் உரைகல்லாகத் தரலாம். தமிழில் அத்தகையதொன்றைப் படைக்க முனைவோர் மேல்மலையனூரிலிருந்து கற்கவேண்டுவது பேயின் உருவத்தையன்று; அதனிடம் கேட்கப்படும் அவ்வினாவையே.