யார் சொன்னது?

2011 மார்ச்சில் ஜேர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் கார்ல் தியோடோர் சூ குட்டன்பேர்க் பதவி விலகினார். பைரொயித் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த சட்டத்துறைக் கலாநிதிப் பட்ட ஆய்வில் பக்கம் பக்கமாகப் பிறருடைய எழுத்து இருந்தது. முன்னுரையின் தொடக்கமே பார்பரா சேன்பெனிக் என்னும் அரசியல் அறிஞர் 1997இல் பத்திரிகையொன்றில் எழுதியது. எம்மவரில் பலருக்கு இது ஒரு கள்ளன் பிடிபட்ட கதை. பிள்ளைகளுக்கு இதிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்ததும் ‘பார்த்தெழுதினால் பிடிபடுவாய்’ என்பதற்கு மேல் எதுவுமில்லை.

என்னைக் கேட்டால், அனெட்ட ஷவானின் விவகாரம்தான் மாணவர்கள் கவனமாகப் படிக்கவேண்டியது. கல்வி அமைச்சராக இருந்தவர். டுசல்டோர்ஃபில் 1980இல் பெற்ற கலாநிதிப் பட்டத்தை 2013இல் பல்கலைக்கழகம் மீளப்பெற்றது. ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்று வழக்காடி 2014இல் தோற்றார். அங்கே சிக்கலான இடங்கள் பல நுணுக்கமானவை. மூலநூலுக்கு இன்னொருவர் கொடுத்த விளக்கத்தைச் சற்றே சொல் மாற்றி, தானே மூலத்தைப் படித்து விளங்கிக்கொண்டதுபோல எழுதுவது. சொல்லை மாற்றிவிட்டால் கருத்தும் தன்னுடையதாகிவிடும் என்று நம்பும் மாணவர்கள் எத்தனை பேர்! மேற்கோள் குறி சொல்லுக்குரியது. கருத்தை மட்டும் எடுத்தாலும் யாருடையது, எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலர்களில் யாழ். நூலகம் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை எடுங்கள். 1981இல் நூலகம் எரிக்கப்பட்டது எல்லோரும் அறிந்தது. அதற்கு ஒரு பிள்ளை ஆதாரம் காட்டாவிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எரிந்த நூல்களின் தொகை? ஒருவர் 97,000 என்கிறார், இன்னொருவர் 95,000 என்கிறார். எங்கிருந்து எடுத்தது என்று சொல்வதில்லை. ஒரு மலரைப் பார்த்து அடுத்த மலர். அதே வசனம், அதே எழுத்துப்பிழை. கீழே ‘நன்றி: இணையம்’ என்று ஒரு வரி. சாப்பாடு போட்ட வீட்டை விட்டுவிட்டு ஒழுங்கைக்கு நன்றி சொன்ன மாதிரி.

இது பிள்ளைகளின் புள்ளி குறைகிற விசயம் மட்டுமல்ல. நடந்ததை மறுக்க விரும்புகிறவன் முதலில் கைவைப்பது இத்தகைய இலக்கங்களில்தான். இரண்டாயிரம் வித்தியாசத்தைக் காட்டி முழுவதையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடுவான். ‘இன்ன நூலில், இன்ன பக்கத்தில் இப்படி உள்ளது, அந்நூல் இதை ஓர் அறிக்கையிலிருந்து எடுத்திருக்கிறது, அறிக்கையை நான் பார்க்கவில்லை’ என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எழுதினால், அந்தப் பிள்ளையை அசைப்பது கடினம்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம்’ என்று சொல்பவர்கள் நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுபவர் சொல்லவேண்டிய எட்டில் முதலாவது ஆசிரியரின் பெயர். அடுத்தது வழி, அதாவது இந்நூல் எந்நூலின் வழியில் வந்தது என்பது. குண்டலகேசியும் வளையாபதியும் முழுதாக எமக்குக் கிடைக்கவில்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பாடல்களும் பிற்காலத்தவர் தம் உரைகளிலும் தொகுப்புகளிலும் எடுத்துக்காட்டியதால் மிஞ்சியவை. அதற்காக உரையாசிரியர்களைத் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம். பெயர் சொல்லாமல் அவர்கள் காட்டிய பாடல்கள் பல எந்த நூலுக்குரியவை என்று தெரியாமல் இன்றும் அநாதையாகக் கிடக்கின்றன.

அச்சில் இல்லாத ஆதாரமும் இருக்கிறது. அந்தத் தீயைக் கண்டவர்கள் எங்களுடைய வீடுகளில் இருக்கிறார்கள். அம்மப்பா சொன்னதைப் பிள்ளை தன் சொந்த அறிவுபோலக் கட்டுரையில் எழுதிவிடுகிறது. அதுவும் ஒருவரிடம் எடுத்ததுதான். அவருடைய பெயர், கதைத்த இடம், திகதி, அன்றிரவு அவர் எங்கே நின்றார், தானே கண்டதா அல்லது மறுநாள் கேள்விப்பட்டதா, இவ்வளவும் அடிக்குறிப்பில் வரவேண்டும். பெயரை வெளியில் விட அவருக்கு விருப்பமில்லாவிட்டால், அப்படியென்றே எழுதிவிட்டுக் குறிப்புக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கலாம். அன்று இருபது வயதாக இருந்தவருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது.