கிரேக்க அரங்கும் தமிழ்க் கூத்தும்: ஓர் ஒப்பாய்வு

நாடகத்தின் தோற்றத்தை வழிபாட்டிலே காண்பது ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடு. கிரேக்க நாட்டிலே தியோனிசஸ் என்னுந் தெய்வத்தை வாழ்த்தும் பாடலை முன்னின்று பாடியோரிடமிருந்தே அவலநாடகம் பிறந்தது என அரிஸ்டோட்டில் கூறுவர். குழுவினின்றும் பிரிந்து நின்று உரையாடிய முதல் நடிகன் தெஸ்பிஸ் என்பது மரபு. ஈஸ்கிலஸ் இரண்டாம் நடிகனையும், சோபக்கிளிஸ் மூன்றாம் நடிகனையும் சேர்த்தனர். நடிகர் பெருகப் பாடற்குழுவின் பங்கு சுருங்கிற்று.

தமிழரிடத்தும் இத்தகைய வித்துக்கள் இருந்தன. வேலன் வெறியாடினான். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலே எயினர் குமரி கொற்றவைக் கோலம் பூண்டாள். ஆய்ச்சியர் குரவையிலே ஆயர் மகளிர் மாயவனும் பலராமனும் நப்பின்னையுமாக நின்று ஆடினர். ஒருவர் பிறிதொருவராகும் நிலை இங்குந் தெளிவாகவே தோன்றுகின்றது. எனினும், கிரேக்கத்திற் போலப் பண்டை நாடக நூல்கள் தமிழிலே கிடையாமை ஏன்?

இத்தகைய வினாக்களை ஆராய வழிகாட்டியவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. ஈஸ்கிலஸையும் ஏதென்ஸ் நகரையும் பற்றிய நூலை 1941இல் வெளியிட்ட ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிலே, பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்து, 1970இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடக வடிவங்களை மட்டுமன்றி, அவற்றைத் தாங்கிய சமூகத்தையும் நோக்கியமையே அவ்வாய்வின் சிறப்பு.

அந்நோக்கிற் கண்டால் வேறுபாடு புலனாகும். ஏதென்ஸிலே நாடகம் நகரத்தார் விழா. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' அரங்கேறியபோது பாடற்குழுவின் செலவைப் பெரிக்கிளிஸ் ஏற்றான். குடிமக்களுட் சீட்டுக் குலுக்கித் தெரிந்த நடுவர் அதற்கு முதற்பரிசு அளித்தனர். புகாரிலோ மாதவி சோழமன்னன் முன் ஆடித் தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அங்கே போற்றப்பட்டவன் நாடகம் இயற்றிய புலவன். இங்கே போற்றப்பட்டவள் ஆடல்மகள். நூல் நிலைத்தமைக்கும் நிலையாமைக்கும் இஃதொரு காரணமாகலாம்.

அரசவைக்குப் புறம்பே கூத்து ஊரிலே வாழ்ந்தது. மட்டக்களப்பிலே வட்டக்களரியைச் சூழ மக்கள் அமர, அண்ணாவியார் வழிநடத்த, அது விடியுமளவும் நிகழும். 1956இல் சரச்சந்திரரின் 'மனமே' கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே மேடையேறி, நாட்டார் ஆடலின் ஆற்றலை நகரத்தார்க்குக் காட்டிற்று. பின்னர்ப் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்து, நாட்டுக்கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணர்ந்தார். கூத்தை இழிவாகக் கருதிய கற்றோர் அதனைக் கலையென மதிக்கத் தொடங்கியமை பெரும்பேறு. ஆயினும், வட்டக்களரி ஒருபக்க மேடையாகியபோது, இரவெல்லாம் உடன்விழித்த ஊராரின் இடத்தை, இருளிலிருந்து நோக்கும் அவையினர் பெற்றனர். பாடற்குழு சுருங்கியபோது கிரேக்கர் இழந்ததை நிகர்த்ததே இவ்விழப்பும்.

ஆதலின், 'எம்மிடத்தும் நாடகம் இருந்தது' எனப் பெருமை பேசுதல் ஒப்பாய்வின் பயனன்று. கூத்துப் பனுவலைப் பேணுதல் ஒன்று, அதனை ஆடும் ஊரைப் பேணுதல் மற்றொன்று. இரண்டும் வேண்டும் என்பதே கிரேக்க அரங்கு நமக்கு உணர்த்துவது.