எம்பயர் சிற்றியின் வினைக்கணக்கு

பெரும் ஆற்றல் கைவரப்பெற்ற மனிதன் அதனைக் கொண்டு யாது செய்வான் என்னும் வினா கதைகளுக்குப் புதியதன்று. காவியத்தைப் படிப்போன் தலைவனின் செயலைக் கண்டு வியக்கலாம்; வெறுக்கலாம்; ஆனால் அதனை மாற்றுதல் அவனால் இயலாது. வீடியோ விளையாட்டை ஆடுவோனுக்கோ அச்செயல் தன் விரலசைவினால் நிகழ்வது. நன்று செய்தவனும் தீது செய்தவனும் அவனே. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் பிளேஸ்ரேஷன் 3 என்னும் பொறிக்கென வெளிவந்த 'இன்ஃபேமஸ்' இவ்வேறுபாட்டையே முதலாகக் கொண்டு எழுந்த ஆட்டமாகும். பழியினாற் பெயர்பெற்றவன் என்பது அத்தலைப்பின் பொருள். அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திலுள்ள பெல்வியூ நகரைச் சேர்ந்த சக்கர் பஞ்ச் நிறுவனத்தார் அதனை ஆக்கினர். தலைவனின் நன்மை தீமைகளை அளக்க அவர்கள் திரையின் மூலையில் ஓர் அளவுகோலை அமைத்து, அதற்குக் 'கர்மா' என்று பெயரும் இட்டனர். சைவ நூல்களிற் பயின்றோர் அச்சொல்லைக் கண்ட மாத்திரத்தே நின்று நோக்குவர். அவ்வாறு நோக்குமிடத்து இவ்வாட்டத்தின் சிறப்பும் குறையும் ஒருங்கே புலப்படும்.

கதை எம்பயர் சிற்றி என்னும் கற்பனை நகரில் நிகழ்கின்றது. மூன்று தீவுகளாகக் கிடக்கும் அந்நகரின் உயர்ந்த கட்டடங்களும் தலைக்குமேலோடும் புகையிரதப் பாதைகளும் நியூயோர்க்கை நினைப்பூட்டுவன. கோல் மக்ராத் என்பவன் துவிச்சக்கர வண்டியிற் பொதிகளைக் கொண்டுசென்று சேர்ப்பிக்கும் தொழிலாளி. ஒருநாள் அவன் சுமந்து சென்ற பொதி வெடிக்கின்றது. நகரின் ஒரு பகுதி தரைமட்டமாகின்றது; ஆயிரக்கணக்கானோர் மாள்கின்றனர்; வெடிப்பினால் உண்டான குழியின் நடுவிலிருந்து கோல் உயிரோடு எழுகின்றான். கொள்ளைநோய் பரவவே, அரசாங்கம் நகரை வெளியுலகத்தினின்றும் பிரித்து அடைத்துவிடுகின்றது. காவலற்ற தெருக்களைக் கொடியோர் கூட்டங்கள் தம்முட் பங்கிட்டுக்கொள்கின்றன. கோலின் உடலிலோ மின்சாரம் குடிகொண்டுவிட்டது.

ஆடுவோன் நகரெங்கும் தன் விருப்பின்படி திரிதற்கு இடந்தரும் இத்தகைய ஆட்டங்களைத் 'திறந்த உலக' ஆட்டங்கள் என்பர். இவற்றுட் பல, தலைவனுக்கு ஆற்றலை வாரி வழங்குவதோடு அமைந்துவிடுகின்றன. 'இன்ஃபேமஸ்' அவ்வாறு செய்யவில்லை. கோல் மோட்டார் வண்டியிற் செல்லமாட்டான். அவன் உடலின் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். துப்பாக்கியை ஏந்தமாட்டான், வெடிமருந்து கையிலேயே வெடித்துவிடும். ஆழ்ந்த நீரில் வீழ்ந்தானாயின் மாள்வான். அன்றியும், அவனுடைய ஆற்றல் வற்றாத ஊற்றும் அன்று. போரிற் செலவிட்ட மின்னைத் தெருவிளக்கிலிருந்தோ, மின்பெட்டியிலிருந்தோ, வீதியோரத்து மோட்டார் வண்டியிலிருந்தோ அவன் உறிஞ்சிக்கொள்ளல் வேண்டும். காயமுற்றுத் திரையின் நிறங்கள் மங்கி, உயிர் ஊசலாடும் வேளையில், ஆடுவோனின் கண்கள் பகைவனைத் தேடுவதில்லை. அருகில் எரியும் விளக்கையே தேடுகின்றன. கோடையில் நெடுவழி நடந்தவன் கிணற்றைத் தேடுவது போன்றது அந்நிலை. நகரம் இங்கே வெறும் பின்திரையாக நிற்கவில்லை. அது தலைவனின் உணவாகவும் மருந்தாகவும் உள்ளது.

இதனிலும் நுட்பமானது இருளைக் கையாண்ட திறம். புதிய பகுதியொன்றினுட் கோல் புகும்போது அங்கே மின்சாரம் அற்றிருக்கும். விளக்குகள் அவிந்த தெருக்களில் அவன் ஆற்றலை நிரப்பிக்கொள்ள வழியில்லை. நேற்றுவரை கூரைகளின்மேற் பறந்தவன் இன்று சுவரோரமாகப் பதுங்கிச் செல்கின்றான். நிலத்தடிக் கழிவுநீர்ச் சுரங்கத்துள் இறங்கி, அங்குள்ள மின்னிலையத்தை இயக்கி, புதிய ஆற்றலொன்றையும் பெற்று அவன் மேலேறி வரும்போது தெருவிளக்குகள் எரிகின்றன. நகருக்கு ஒளி கிடைப்பதும் அவனுக்கு உயிர் கிடைப்பதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. மின்னின்றிப் பல இரவுகளைக் கழித்தோர் இக்காட்சியின் உண்மையை எளிதில் உணர்வர். பிறருக்குச் செய்யும் நன்மையும் தனக்குச் செய்யும் நன்மையும் வேறல்ல என்னும் கருத்தை ஒரு சொல்லும் பேசாது இவ்விடம் உணர்த்துகின்றது. ஆட்டத்தின் எஞ்சிய பகுதிகள் பேசிப் பேசியும் இந்த அளவிற்கு உணர்த்தவில்லை.

ஆடியோர் பெரிதும் விரும்பிக் கூறுவன பிறிதொரு வகையைச் சேர்ந்தவை. மின்கம்பிகளின்மேலும் புகையிரதத் தண்டவாளங்களின்மேலும் கோல் வழுக்கிக்கொண்டு விரையும்போது உண்டாகும் மகிழ்ச்சி. உயரத்திலிருந்து இடியெனத் தெருவில் வீழும் வீழ்ச்சி. கைக்கருவியைச் சாய்த்து வானத்து மின்னலை வழிநடத்தும் இறுதி ஆற்றல். இந்நிறுவனத்தார் முன்னர்ச் சிலை கூப்பர் என்னும் கள்வனைத் தலைவனாக்கிக் கூரைகளில் ஓடவிட்ட ஆட்டங்களை ஆக்கியவர்களாதலின், ஏறுதலிலும் தாவுதலிலும் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. ஆயினும், வேண்டாத விளிம்புகளிலெல்லாம் கோல் ஒட்டிக்கொள்கின்றான் என்பதும், தொலைவிலுள்ள கூரையிலிருந்து சுடும் பகைவர் கண்ணுக்குத் தெரியாமலே உயிரை வாங்குகின்றனர் என்பதும், கிளைப்பணிகள் ஒன்றையொன்று ஒத்துச் சலிப்பூட்டுகின்றன என்பதும் நியாயமான குறைகளே. நகரெங்கும் சிதறிக் கிடக்கும் 350 துண்டுகளைத் தேடிப் பொறுக்கும் வேலையைச் சிலர் இன்பமென்பர்; சிலர் கூலியற்ற உழைப்பென்பர்.

அதே ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த 'புரொட்டோரைப்' என்னும் ஆட்டத்தோடு இதனை ஒப்பிட்டு அக்காலத்தில் எழுந்த வாதங்கள் பல. அதன் தலைவனான அலெக்ஸ் மேர்சர் வானளாவிய கட்டடங்களின் சுவரிலே செங்குத்தாக ஓடுவான். வழியிற் செல்வோரைத் தன் உடலுள் ஈர்த்துக்கொண்டு காயம் ஆறுவான். அச்செயலுக்காக அவ்வாட்டம் அவனிடம் எவ்விதக் கணக்கும் கேட்பதில்லை. வேகமும் பேராற்றலும் வேண்டுவோர் அதனையே சிறந்ததென்றனர். அவர்கள் கூறியதிற் பிழையில்லை. கோலின் ஆற்றல் அதனோடு ஒப்பிடச் சிறிதே. ஆனால், ஆற்றல் சிறிதாய் இருப்பதனாலேயே அதனைச் செலவிடும் ஒவ்வொரு முறையும் செலவு என்பது ஆடுவோனின் நினைவில் நிற்கின்றது.

இனிக் கர்மா அளவுகோலை நோக்குவோர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். வீதியில் வீழ்ந்து கிடப்பவனைக் கோல் மின்தொட்டு எழுப்பினால் அளவுகோல் நீலப்பக்கம் நகரும். அவனுடைய உயிராற்றலை உறிஞ்சினாற் செந்நிறப்பக்கம் நகரும். வீழ்ந்த பகைவனைக் கட்டிவைத்தல் நன்று, கொல்லுதல் தீது. நற்பக்கத்தின் உச்சியை அடைந்தவன் வீரன் எனப்படுவான்; மக்கள் அவனை வாழ்த்துவர். தீப்பக்கத்தின் உச்சியை அடைந்தவனே ஆட்டத்தின் தலைப்பிற்கு உரியவன். அவனுடைய மின்னல் சிவந்திருக்கும். மக்கள் அவன்மீது கல்லெறிவர். ஆற்றல்களுட் சிலவற்றின் வளர்ச்சி இவ்விரு உச்சிகளில் நிற்போர்க்கே திறந்துவிடப்படுகின்றது. இடையில் நிற்பவனுக்கு அவை இல்லை.

குறை இங்கேதான் தொடங்குகின்றது. சைவசித்தாந்தம் கூறும் வினை இவ்வாறு கூட்டிக் கழிக்கத்தக்கதன்று. நல்வினையின் இன்பமும் தீவினையின் துன்பமும் தனித்தனியே நுகரப்படுவன. நூறு பேரை எழுப்பியதனால் ஒருவனைக் கொன்றது இல்லையாகிவிடாது. நல்வினை பொன்விலங்கு, தீவினை இருப்புவிலங்கு. இரண்டும் விலங்கே என்பது அந்நெறியில் வழங்கும் உவமை. இருவினையொப்பு என்பதும் இரண்டும் எடையிற் சமமாதல் அன்று. இரண்டின் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்பக் காணும் உயிரின் பக்குவமே அது. எம்பயர் சிற்றியிலோ இக்கருத்து முற்றும் தலைகீழாகின்றது. அங்கே இரு வினைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒப்பில் நிற்பவனே யாவரினும் வறியவன்.

அமெரிக்க ஆட்டக்காரர் சித்தாந்த நூல்களைக் கற்றுவந்து கருவி செய்தல் வேண்டும் என்று கேட்பது நியாயமன்று. ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல் 'செய்ததன் பலன்' என்னும் அளவிலே தேய்ந்துபோயிற்று. அவர்கள் அத்தேய்ந்த நாணயத்தையே எடுத்து வழங்கினர். ஆயினும் அவர்கள் வகுத்துக்கொண்ட எல்லைக்குள்ளேயே வைத்து நோக்கினும் அளவுகோல் தன் நோக்கத்தைத் தானே கெடுக்கின்றது. ஆடுவோன் தொடக்கத்தில் ஒருமுறை நல்லவனாவதா தீயவனாவதா என்று முடிவு செய்கின்றான். அதன்பின்னர் அவன் ஒன்றையும் தெரிவு செய்வதில்லை. வீழ்ந்து கிடப்பவனை இரங்கி எழுப்புகின்றானா, அளவுகோல் உயரும் என்று எழுப்புகின்றானா என்பது அவனுக்கே ஐயமாகிவிடுகின்றது. தருமம் கூலிவேலையாகின்றது.

தொடக்கத்தில் வரும் உணவுப்பொதிக் காட்சி இதற்குத் தக்க சான்று. பட்டினியால் வாடும் நகரில் மேலிருந்து இடப்பட்ட உணவைக் கோல் மக்களுக்குக் கிடைக்கச் செய்கின்றான். உடனே ஆட்டம் நின்றுவிடுகின்றது. மக்களை உண்ணவிடலாம், அல்லது மின்னால் தாக்கி விரட்டிவிட்டுத் தனக்கும் தன் நண்பருக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இரு வழிகளையும் அவன் குரலே எடுத்துரைக்கின்றது. பசித்த கூட்டத்தை மின்னால் தாக்குவதா என்று ஐயுறுவோர் எவர்? தன் பங்கைக் குறைத்து எஞ்சியதைக் கொடுத்தல், முதியோரை முன்னே விடுதல் முதலிய வழிகளை வாழ்க்கை தரும், ஆட்டம் தரவில்லை.

எனினும், ஆக்கியோர் வற்புறுத்திக் கூறாத இடத்தில் மெய்யான அறப்பயிற்சியொன்று இவ்வாட்டத்தில் நிகழ்கின்றது. கோலின் மின்னல் குறிதவறினால் வழியிற் செல்வோர்மீது பாயும். பகைவரைத் தள்ளுதற்கு எழுப்பும் அதிர்வலை மோட்டார் வண்டிகளைத் தூக்கிக் கூட்டத்தின்மேல் எறிந்துவிடும். நன்னெறியைத் தெரிந்தவன் நாளடைவில் நெரிசலான தெருவிற் கையை அடக்கக் கற்கின்றான். பகைவனை வெறுமையான கூரைக்கு இழுத்துச் சென்று பொருதுகின்றான். தனக்கு இடர் வரினும் ஒரு கணம் பொறுத்துக் குறிபார்க்கின்றான். இப்பொறுமையை எந்த அறிவிப்பும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. இதுவே கோலைப் பற்றிய உண்மையான செய்தி. அளவுகோலின் நிறம் அதன் நிழலே.

கதையின் பிற்பகுதியில் வரும் திரிஷின் சாவு தனியே வைத்து எண்ணத்தக்கது. கோலின் காதலியான அவள் ஒரு மருத்துவப் பணியாளர். பகைவனான கெஸ்லர் அவளை ஒரு கட்டடத்தின் உச்சியிலும், மருத்துவர் அறுவரை மற்றொன்றின் உச்சியிலும் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தாரை மாத்திரமே காக்க இயலும் என்கின்றான். அறுவரைக் காப்பவன் அவளை இழக்கின்றான். அவளைக் காக்க ஓடுபவனோ, தான் காத்தது வேறொருத்தியை என்றும், திரிஷ் அந்த மருத்துவரோடு மாண்டாள் என்றும் அறிகின்றான். இரு வழியும் ஒரே சுடலையிற் சென்று முடிகின்றன. அவளுடைய இறுதி மொழிகள் மாத்திரம் அவன் அதுவரை வாழ்ந்த வாழ்விற்கேற்ப மாறுகின்றன. அளவுகோல் இங்கும் அசைகின்றது. ஆயினும் அதனைப் பார்க்கும் மனம் எவருக்கும் இராது. கூலி எதிர்பார்த்துச் செய்த கணக்கு முழுவதும் இவ்விடத்திற் பயனற்றுப்போகின்றது. ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பதில் ஐயமில்லை.

கெஸ்லர் யாரென்பது இறுதியில் வெளிப்படுகின்றது. அவன் எதிர்காலத்துக் கோல். 'மிருகம்' என்று பெயர்பெற்ற பேரழிவு உலகில் தோன்றியபோது, எதிர்த்து நில்லாது மனைவியாகிய திரிஷையும் இரு புதல்வியரையும் அழைத்துக்கொண்டு ஓடியவன். ஈற்றில் அவர்களையும் இழந்தவன். காலத்தின் பின்னோக்கி வந்து, தன் இளமையுருவை வன்மையுடையதாக்குதற்காக, எவளைக் காக்க ஓடினானோ அவளையே கொல்கின்றான். செய்த வினை செய்தவனையே தேடி வருதல் என்பது பழைய கருத்து. செய்தவனே வினையின் உருக்கொண்டு தன்னைத் தேடி வருதலை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆட்டங்கள் சிலவே. திரையின் மூலையில் எழுதப்பட்ட கர்மாவை விட, எழுதப்படாத இக்கர்மாவே அச்சொல்லின் பொருளுக்கு அண்மையில் நிற்கின்றது.

நண்பனான சீக்கின் பாத்திரமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆற்றலில்லாத அவன் கோலின் நிழலிலே வாழ்ந்து, தானும் அவனைப் போலாக விரும்பி, வெடிப்பிற்குக் காரணமான கருவியைத் தன் கையாலே இயக்கிப் பார்க்கின்றான், ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஆற்றலை வாக்களித்த கெஸ்லரோடு சென்றுவிடுகின்றான். அவனைப் பழிக்க முற்படும் ஆடுவோனும் இவ்வாட்டத்தைக் கையில் எடுத்தது ஆற்றலை விரும்பியே அன்றோ?

2011ஆம் ஆண்டில் இரண்டாம் ஆட்டமும், 2014இற் சியாற்றில் நகரைக் களமாகக் கொண்ட மூன்றாவதும் வெளிவந்தன. காட்சியழகிலும் ஓட்டத்திலும் அவை முன்னேறின, அளவுகோல் மாறவில்லை. 2011இற் சோனியின் இணைய வலை ஊடுருவப்பட்டு வாரக்கணக்கில் முடங்கியபோது, அதற்கு ஈடாக வழங்கிய இலவச ஆட்டங்களுள் முதல் 'இன்ஃபேமஸ்' ஆட்டமும் ஒன்றாதலின் பின்வந்தோர் பலர் அவ்வழியே அதனை அறிந்தனர். கதை முடிந்த பின்னும் நகரம் அவர்களுக்குத் திறந்தே இருக்கின்றது. திரிஷ் இல்லை, கெஸ்லரும் இல்லை. தெருவிளக்குகள் எரிகின்றன. பொறுக்கப்படாத துண்டுகள் கூரைகளில் இன்னும் மின்னிக்கொண்டிருக்கின்றன.