தொகைநூலும் பாடினோர் பெயரும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வழங்கும் மீனவர் பாடல்களும், இறப்பு வீடுகளிற் பாடப்பெறும் கானாவும் இன்று ஆய்வேடுகளில் இடம்பெறுகின்றன. பாடத்தொகைகளும் அவற்றை நாடுகின்றன. இவற்றைத் தொகுப்போர்க்குரிய கடப்பாடு யாதென ஈண்டு ஆராய்வாம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கல்விக்கு இடங்கொடுப்பது. பாடம் நடத்துங்கால் ஆசிரியரும் மாணவரும் படியெடுக்கலாம், வினாத்தாளிலும் அச்சிடலாம். தில்லிப் பல்கலைக்கழகத்துப் பாடப்படிகள் பற்றிய வழக்கில், 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் இச்சலுகையை விரிந்த பொருளிலேயே கொண்டது. பாடத்தொகைக்கோ எல்லை குறுகியது. உரிமை நீங்காத ஆசிரியர் ஒருவருடைய நூல்களினின்று, ஒரு பதிப்பாளர் ஐந்தாண்டுக் காலத்தில் இரண்டு சிறு பகுதிகளுக்குமேல் இசைவின்றி எடுத்தலாகாது. கபிலர் பாடல்கள் இருபதுக்கு மேற்பட்டவற்றைக் குறுந்தொகையிற் சேர்த்த பூரிக்கோ இவ்விதியைக் கண்டிருப்பின் என் செய்திருப்பாரோ!

அச்சேறிய நூலைக் கையாளுங்கால் இவ்விதிகளை அஞ்சும் தொகுப்பாளர், வாய்மொழிப் பாடலைக் கண்டதும் அச்சம் நீங்கிவிடுகின்றனர். ‘நாட்டுப்பாடல்’ என்னும் பெயரே உரிமையை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. வழிவழி வந்த பாடலுக்கு ஆசிரியரைக் காண்டல் அரிது என்பது உண்மையே. கானா அத்தகையதன்று. இறந்தார் ஒருவரைக் குறித்து அண்மையில் கட்டப்பட்ட பாட்டிற்கு, அதனைக் கட்டியவர் காசிமேட்டிலேயே வாழ்ந்துகொண்டிருத்தல் கூடும். அவரும் ஆசிரியரே. ஆய்வின் பொருட்டுப் பாடுவோர் குரலைப் பதிவுசெய்தலைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு விலக்கவில்லை. ஆயின், பாட்டை நூலாக்கி விற்பதற்கு அப்பிரிவு துணையாகாது. உரிமையை விற்றபின்னும் தம் படைப்பெனக் கூறிக்கொள்ளும் உரிமை ஆசிரியர்க்கு உண்டென்பது 57ஆம் பிரிவு. பாடுவோரும் தம் பெயர் சுட்டப்பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் பெற்றனர்.

சட்டம் இருக்கட்டும், நம் தொகை மரபே இதனினும் நுட்பமானது. புலவர் பெயர் தெரியாதவிடத்தும் பாட்டிலுள்ள தொடரொன்றையே எடுத்துச் ‘செம்புலப்பெயனீரார்’ எனப் பெயரிட்டு வைத்தனர் முன்னோர். பெயரும் முகவரியும் களக்குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கும் இன்றைய தொகுப்பாளரோ, அச்சில் ‘தகவலாளர் 7’ என்றெழுதி, நூன்முகப்பில் தம் பெயரைப் பொறிக்கின்றனர். தம் பெயர் வெளிவருதலை விரும்பாத பாடகரும் உளர் என்பர். அங்ஙனமாயின், கேட்டறிந்து, அவ்விருப்பத்தையே பாடலின் அடியிற் குறித்தல் வேண்டும்.